குழந்தை ரத்த நோய் டாக்டரிடம் கேளுங்கள்

பாம்பன், பிளஸ் டூ மாணவி: உங்களைப் போல டாக்டராக எத்தனை வருஷம் படிக்கணும் அக்கா?

எம்.பி.பி.எஸ். ஹவுஸ் சர்ஜன் பயிற்சியோடு ஐந்தரை வருஷம். குழந்தை மருத்துவத்தில் எம்.டி. 3 வருஷம். பிறகு நீட் எஸ்.எஸ். என்ற நுழைவுத் தேர்வு எழுதி, ரத்த நோய்க்கான மேற்படிப்பு டி.எம்., இன்னொரு 3 வருஷம். மலைக்காதேம்மா, ஹவுஸ் சர்ஜனிலிருந்தே உதவித்தொகை வரும்.

டி.எம்.மில் பாதி நாள் மைக்ராஸ்கோப்தான். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, சாயமேற்றி, அணுவைப் படிக்கணும். இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுக்கணும். பிள்ளைக்கு ரத்தப் புற்று என்று பெற்றவர்களிடம் சொல்வதற்குப் புத்தகம் கிடையாது. சீனியர் பேசும்போது பக்கத்தில் நின்று பழகுவதுதான். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். என்ற வகை ரத்தப் புற்று பெரும்பாலும் குணமாகும், ஆனால் சிகிச்சை 2 வருஷத்தைத் தாண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் பஸ் காசில்லாத வீடு பாதியில் நின்றுவிடாமல் பார்ப்பதும் நம்ம வேலைதான்.

தொண்டி: பையனுக்கு ரத்தம் குறைவு. பீட்ரூட் தரலாமா?

நிறம்தான் சிவப்பு. நெத்திலி, சூடை, ஈரல் கொடுங்கள். சாப்பாட்டோடு டீ வேண்டாம். டெஸ்ட் எடுக்காமல் இரும்பு டானிக் வேண்டவே வேண்டாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறையின் கேரியருக்கும் (நோயில்லாமல் குறையை மட்டும் சுமப்பவர்), இரும்பு குறைந்தவருக்குப் போலவே அணுக்கள் சிறுத்துத்தான் தெரியும்.

ஏர்வாடி: நல்ல டானிக் பேர் சொல்லுங்க.

மேலே தொண்டிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கீழக்கரை: மகளுக்கு என் காக்கா (அண்ணன்) மகனைப் பேசியிருக்கோம். தலசீமியா வருமா?

இருவருமே கேரியராக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீதம் வாய்ப்பு. சொந்தத்தில் ஒரே குறை ரெண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடுதல். நிக்காஹ்வுக்கு முன்னாடி இருவருக்கும் ஹெச்.பி.எல்.சி. டெஸ்ட் (கேரியரா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுங்கள்.

மண்டபம், பெரியவர்: நான் அக்கா மகளைத்தான் கட்டினேன். நாலு பிள்ளையும் கல்லுக்குண்டாட்டம் இருக்கு. சும்மா பயமுறுத்தாதீங்க.

சந்தோஷம் ஐயா. கல்யாணத்தை நிறுத்தச் சொல்லலை, ரத்தம் பார்க்கத்தான் சொன்னேன்.

பெரியவர்: அக்காவோட இன்னொரு மக வெளியிலதான் கட்டுச்சு. அது மகனுக்கு ஹீமோபிலியா! இதுக்கு என்ன சொல்றீங்க?

ஹீமோபிலியா, ரத்தம் சரியாக உறையாத நோய். அது வேற கணக்கு ஐயா. எக்ஸ் குரோமோசோமில் வருவது. அம்மா கேரியராக இருந்தால் மகனுக்கு வரலாம், சொந்தமா அந்நியமா என்பது பொருட்டில்லை. அவனுக்கு ஆஸ்பிரின் கூடாது, இடுப்பில் ஊசி கூடாது. ஆனால் அந்த அம்மா உங்க வீட்டம்மாவுக்குக் கூடப்பிறந்தவங்கதானே? அப்போ வீட்டம்மாவும் கேரியரா இருக்கலாம். உங்களுக்குப் பெண் பிள்ளைகள் உண்டா?

பெரியவர்: ரெண்டு. மூத்தது மாசமா இருக்கு.

இந்த வாரமே கூட்டிப் போங்க. அந்தப் பையனோட ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். அவனுக்கு ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர்களில் 8 குறைவா 9 குறைவா என்று தெரிந்தால்தான் மகளுக்கு எதைத் தேடணும் என்பது தெரியும். பிரசவம் பார்க்கிற டாக்டரிடமும் சொல்லிடுங்க.