பிளஸ் ஒன் படிக்கிற பையனுக்கு நம்பகமான தகவல் தேட எப்படி சொல்லிக் குடுக்கறது?

ப்ராஜெக்ட்னாலே பையன் கூகுள்ல முதல்ல வர்றத அப்படியே எழுதிட்டுப் போறான், "சோர்ஸ் எங்க"ன்னு கேட்டு டீச்சர் திருப்பி அனுப்பிட்டாங்க, லைப்ரரி டேட்டாபேஸ்லாம் எப்படி பழக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. நான் சென்னைல பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு ஹிஸ்டரி எடுக்கறேன், வருஷா வருஷம் இதே வேலைதான், அதனால ஒரு பொண்ணு கதைய வெச்சே சொல்றேன்.

போன வருஷம் அவ பக்கிங்காம் கால்வாய தலைப்பா எடுத்தா. மந்தைவெளி பக்கம் வீடு, பறக்கும் ரயில் தூணுக்கு நடுவுல ஓடுற அந்த கறுப்புத் தண்ணிய தாண்டித்தான் தினமும் ஸ்கூலுக்கு வர்றா. முதல் வாரமே நோட்டோட வந்து நின்னா, "மிஸ், ஒரு சைட்ல 1806ல வெட்டினாங்கன்னு இருக்கு, இன்னொண்ணுல 1878ன்னு இருக்கு, எது மிஸ் தப்பு?" எனக்கு பதில் தெரியும், ஆனா சொல்லல. ரெண்டு சைட்டும் இத எங்கேருந்து எடுத்துச்சுன்னு பாத்துட்டு வான்னு அனுப்பினேன். விக்கிபீடியா பக்கத்துக்கு அடியில இருக்கிற ஆதாரங்கள் லிஸ்ட்ட அவ அன்னிக்குத்தான் முதல் தடவையா தொட்டுப் பாத்தா. நாலு நாள் கழிச்சு அவளே சொல்றா, 1806ல மெட்ராஸ்லேருந்து எண்ணூருக்கு வெட்டினது கோக்ரேன் கால்வாய், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நீட்டினாங்க, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தப்போ நிவாரண வேலையா அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற துண்ட வெட்டி, அப்போ கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபு பேர வெச்சாங்க, ரெண்டு வருஷமும் சரிதான் மிஸ்னு. நீளத்துலயும் இதே கதைதான், ஒரு எடத்துல 420 கிலோமீட்டர், இன்னொரு எடத்துல 796, காக்கிநாடா வரைக்கும் போற மத்த கால்வாய்களையும் சேர்த்து எண்ணினா பெரிய நம்பர் வருது. ரெண்டு சோர்ஸ் அடிச்சுக்கிட்டா உங்க பையன சந்தோஷப்படச் சொல்லுங்க, தேட வேண்டிய எடம் அங்கதான் இருக்கு.

டேட்டாபேஸ்ல பசங்க தோத்துப்போறது பெரும்பாலும் தேடுற வார்த்தையில. கூகுள்ல கேக்கற மாதிரி முழு கேள்வியையும் ஜேஸ்டோர்ல (ஆய்வுக் கட்டுரைகள் இருக்கிற ஆன்லைன் டேட்டாபேஸ்) போட்டா ஒண்ணும் உருப்படியா வராது. முக்கியமான ரெண்டு மூணு சொல்லு போதும், சேர்ந்தே வரவேண்டிய சொற்களுக்கு மேற்கோள் குறி போடணும். அதவிட முக்கியம், பழைய ஆளுங்க அத என்ன பேர் சொல்லிக் கூப்ட்டாங்கன்னு யோசிக்கணும். சென்னைன்னு தேடினா 1877 பத்தி என்ன கிடைக்கும், மெட்ராஸ்னு தேடணும். திருச்சிக்கு டிரிச்சினாபலி, தஞ்சாவூருக்கு டாஞ்சூர், அதுவும் பழைய இங்கிலீஷ் ஸ்பெல்லிங்லயே. இந்தப் பொண்ணு ஒரு பக்கம் முழுக்க பழைய பேரா எழுதி வெச்சிருந்தா, ஈஸ்ட் கோஸ்ட் கேனால்னு போட்டப்பதான் அவளுக்கு கதவே திறந்துச்சு.

ஜேஸ்டோர்ல ஃப்ரீயா ஒரு அக்கவுன்ட் போட்டா மாசத்துக்கு 100 கட்டுரை வரைக்கும் ஆன்லைன்ல படிக்கலாம், காசு கட்டாதீங்க. இந்திய யுனிவர்சிட்டி பிஎச்டி ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா, பிளஸ் ஒன் பையன் முழுசா படிக்க வேண்டாம், முதல் அத்தியாயத்தையும் கடைசியில இருக்கிற நூல் பட்டியலையும் பாத்தாலே போதும். ஐஐடி கரக்பூர் நடத்துற நேஷனல் டிஜிட்டல் லைப்ரரி இருக்கு. பழைய தமிழ் புத்தகம், பத்திரிகைன்னா தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகம், ஈழம் சம்பந்தப்பட்டதுன்னா "நூலகம்"ங்கற பேர்ல இருக்கிற தளம்.

ஆனா நேர்ல ஒரு தடவையாவது கூட்டிட்டுப் போங்க. எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896லேருந்து இருக்கு, இந்தியாவுல வெளியாகற புத்தகத்துல ஒரு காப்பி சட்டப்படி அங்க வந்தாகணும். கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைன்னா கலைஞர் நூற்றாண்டு நூலகம், தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர்ல ஒரே மனுஷர் ஆயுசு முழுக்க சேர்த்து வெச்ச தொகுப்புலேருந்து 1994ல வந்தது அது. வேற ஊர்னா மாவட்ட மைய நூலகம். கவுன்டர்ல போய் "இதான் என் தலைப்பு, எங்கேருந்து ஆரம்பிக்கலாம்"னு பையனே கேக்கட்டும், நீங்க பின்னாடி நில்லுங்க. எங்க பசங்களுக்கு அந்த ஒரு வாக்கியத்த கேக்கறதுக்குத்தான் அவ்ளோ கூச்சம்.

ஏஐ பத்தியும் சொல்லிடறேன். இதே பொண்ணு நடுவுல ஏஐ குடுத்த ஒரு புத்தகப் பேரோட வந்தா, ஆசிரியர், வருஷம், பக்கம் எல்லாம் கச்சிதமா இருந்துச்சு. எந்த லைப்ரரி கேட்டலாக்ல தேடியும் அப்படி ஒரு புத்தகமே இல்ல. நான் திட்டல, பாவம் அவளுக்கு முகமே தொங்கிப்போச்சு. அதுலேருந்து கண்ணால பாக்காத புத்தகத்த எழுதக்கூடாதுன்னு கிளாஸ்ல ரூல் வெச்சிருக்கேன், ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு சின்ன அட்டை, யார் சொன்னது, எப்போ, எந்த பக்கம், அவங்களுக்கு எப்படித் தெரியும்னு நாலு வரி.

அப்படி அட்டை எழுதிக்கிட்டே போய் அவ கடைசியா வில்லியம் டிக்பி 1878ல எழுதின பஞ்சத்து புத்தகத்துக்கு வந்துட்டா, இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க. 1877ல பஞ்சத்த பாக்க வைஸ்ராய் அனுப்பின அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை கூலிய குறைச்சப்போ ஒரு ஆளுக்கு நாள் ஒண்ணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும்தான். மெட்ராஸ் சானிடரி கமிஷனர், அதாவது சுகாதார அதிகாரி கார்னிஷ் இது உயிர் வாழப் பத்தாதுன்னு எதிர்த்தார். ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோ கூட இல்லயே மிஸ், மண்ணு வெட்டறவங்களுக்கான்னு கேட்டா. கிளாஸ்ல அத வாசிச்சப்போ யாரும் பேசல.

அப்புறம் அட்டைய திருப்பிப் பாத்துட்டு அவளே கேட்டா, "டிக்பி பத்திரிகை ஆசிரியர், கவர்மென்ட்ட எதிர்த்து எழுதறார். டெம்பிள் சைடு என்ன சொல்லுச்சுன்னு எங்க இருக்கும்?" கவர்மென்ட்டே போட்ட பஞ்சக் கமிஷனோட 1880 ரிப்போர்ட் பேர மட்டும் எழுதிக் குடுத்தேன், மிச்சத்த அவ தேடிக்கிட்டா.