மிளகாய் ஏன் எரிகிறது? சில கேள்விகள்

காரம் ஒரு சுவைதானே?

இல்லை. இனிப்பு, புளிப்பு போல நாக்கின் சுவை மொட்டுகள் உணர்வதல்ல காரம். மிளகாயிலுள்ள கேப்சைசின் என்ற வேதிப்பொருள், வலியையும் சூட்டையும் உணரும் நரம்புகளில் இருக்கும் டிஆர்பிவி1 என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறக்கிற வாசல் அது. கேப்சைசின் ஒட்டியதும் உடம்பின் சாதாரணச் சூட்டிலேயே திறந்துகொள்ளும். கால்சியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, 'சுடுகிறது' என்ற சேதி மூளைக்குப் போய்விடும். உடம்பும் அதை நம்பி வியர்த்துக் கொட்டுகிறது. ஆனால் வாய்க்குள் உண்மையில் எதுவும் வெந்திருக்காது! அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997-ல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தது கேப்சைசினை வைத்துத்தான். 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது மிளகாய்க்கும் அதில் பங்கு உண்டு என்று நினைத்து மகிழ்ந்தேன்.

எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் அடங்கவில்லையே?

கேப்சைசினுக்கு எண்ணெய்த்தன்மையுள்ள நீண்ட வால் உண்டு. தண்ணீரில் அது கரைவதே இல்லை என்று சொல்லலாம். பால் குடியுங்கள். பாலிலுள்ள கேசீன் புரதம் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.

மிளகாய் நறுக்கிய கை எரிகிறது. என்ன செய்வது?

அதே கதைதான். முதலில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவித் துடையுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதுவரை கண்ணில் கை வைக்கவே வேண்டாம்.

விதையை எடுத்துவிட்டால் காரம் குறையுமா?

குறையும், ஆனால் காரணம் விதை அல்ல. கேப்சைசின் உருவாகும் முக்கிய இடம் விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதை. விதைமேல் இருப்பது அங்கிருந்து தொற்றியது. அந்தச் சதையையும் சேர்த்துச் சுரண்டினால்தான் பலன் தெரியும்.

பறவைகள் மட்டும் எப்படிக் கொத்தித் தின்கின்றன?

அவற்றிடமும் இந்தப் புரதம் உண்டு. ஆனால் கேப்சைசின் அதைத் தூண்டாது. பாலூட்டிகளின் கடைவாய்ப் பற்கள் விதையை நொறுக்கிவிடும். பறவையோ முழுதாக விழுங்கி, தொலைவில் போய் எச்சத்தோடு போடும். செடிக்கு வேண்டியதும் அதுதான்.

தினமும் சாப்பிட்டால் பழகிவிடுமா?

ஓரளவு பழகும். திரும்பத் திரும்பத் தூண்டப்படும் நரம்பு மந்தமாகிவிடுகிறது. மூட்டு வலிக்குத் தடவும் சில களிம்புகளில் கேப்சைசின் இருப்பதும் இதனால்தான். முதலில் எரியும், தொடர்ந்து தடவி வந்தால் வலி மெல்லக் குறையும்.