ஏபி அமெரிக்க வரலாறு: முதல் தேர்வில் சறுக்கினால் பாடத்தை மாற்றிவிடலாமா?

கேள்வி: கோவையில் பத்தாம் வகுப்பு வரை சிபிஎஸ்இயில் படித்த என் மகள், இந்த ஜூலையில் நியூ ஜெர்சிக்கு வந்து பதினோராம் வகுப்பில் சேர்ந்தாள். அவளுடைய பழைய மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு ஏபி அமெரிக்க வரலாறு (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடம், மே மாதப் பொதுத் தேர்வில் 1 முதல் 5 வரை மதிப்பெண்) கொடுத்துவிட்டார்கள். காலனிக் காலம் பற்றிய முதல் தேர்வில் சி மைனஸ். ஆண்டுகளையும் பெயர்களையும் ராத்திரி பகலாக மனப்பாடம் செய்தும் இப்படி ஆகிவிட்டது. கூடப் படிக்கும் பிள்ளைகள் இதை எட்டாம் வகுப்பிலேயே படித்தவர்களாம். ஒரு டியூஷன் சென்டரில், "மே மாதத் தேர்வில் 5 நிச்சயம், கல்லூரியில் ஒரு வருடக் கட்டணம் மிச்சம்" என்று சொல்லி, மொத்தப் பணத்தையும் இப்போதே கட்டச் சொல்கிறார்கள். ஜனவரியில் என் கணவருக்கு டல்லாஸுக்கு மாற்றல் வரலாம். பணம் கட்டலாமா, பாடத்தை மாற்றிவிடலாமா?

பதில்: பணம் கட்டாதீர்கள். இந்த ஒரு மதிப்பெண்ணை வைத்துப் பாடத்தையும் மாற்றாதீர்கள்.

முதலில் அந்த சி மைனஸ். பாடத்திட்டத்தில் 1491 முதல் 1607 வரை ஒரு பகுதி, 1607 முதல் 1754 வரை அடுத்த பகுதி. மே மாதத் தேர்வில் முதலாவதன் பங்கு 4 முதல் 6 சதவீதம், இரண்டாவதன் பங்கு 6 முதல் 8 சதவீதம். அதாவது உங்கள் மகள் சறுக்கியது இருப்பதிலேயே சிறிய மூன்று பகுதிகளில் இரண்டில். அடுத்து வரும் 1754–1800, அதாவது புரட்சியும் அரசியல் சாசனமும், மட்டும் 10 முதல் 17 சதவீதம். அது இனிமேல்தான் வகுப்பில் வரும். அவள் இழந்தது பெரிதாக ஒன்றுமில்லை.

ஆனால் படிக்கும் முறையை மாற்றாவிட்டால் அடுத்த தேர்விலும் இதே கதைதான். இந்தத் தேர்வில் "எந்த ஆண்டு?" என்று யாரும் கேட்பதில்லை. 55 கொள்குறி வினாக்களும் ஒரு கடிதம், ஒரு படம், ஒரு சட்டத்தின் பகுதி என எதையாவது முன்னால் வைத்துவிட்டுத்தான் வரும். பிறகு டிபிக்யூ என்று பிள்ளைகள் சொல்லும் ஆவணக் கட்டுரை: ஏழு ஆவணங்கள், ஒரு மணி நேரம், மொத்த மதிப்பெண்ணில் 25 சதவீதம். ஆவணம் என்ன சொல்கிறது என்று திருப்பி எழுதினால் மட்டும் போதாது. யார் எழுதினார், யாருக்காக, எந்த நேரத்தில், அவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று எழுத வேண்டும். மனப்பாடத்தால் எட்ட முடியாத இடம் இதுதான்.

ஒரு உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 1770 மார்ச் 5 அன்று பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். மூன்று வாரத்துக்குள் பால் ரெவியர் அதை ஒரு செதுக்குப் படமாக அச்சிட்டு விற்றார். படத்தில் சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள், பின்னால் அதிகாரி வாளை உயர்த்தி உத்தரவு தருகிறார், எதிரே நிராயுதபாணியான மக்கள். நம் ஊரிலிருந்து வரும் பிள்ளை பெரும்பாலும் "பிரிட்டிஷார் கொடூரமாகச் சுட்டார்கள் என்று இந்தப் படம் காட்டுகிறது" என்று எழுதும். அதோடு நிறுத்திவிட்டால் ஆவணத்தை ஆராய்வதற்கான மதிப்பெண் கிடைக்காது. ரெவியர் பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்த குழுவைச் சேர்ந்தவர். பாஸ்டன் மக்களின் கோபத்தைக் கிளறுவதற்காகவே அந்தப் படம் வந்தது. கூட்டத்தினர் பனிக்கட்டிகளையும் கட்டைகளையும் எறிந்தது அதில் இல்லை. அந்த ஆண்டு இறுதியில் நடந்த வழக்கில் சிப்பாய்களுக்காக வாதாடியவர் பிற்காலத்தில் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ். அதிகாரி பிரெஸ்டன் விடுதலையானார். எட்டு சிப்பாய்களில் இருவர்தான், அதுவும் கொலையல்லாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக, தண்டிக்கப்பட்டார்கள். படத்தையும் வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் எதனால் என்று நான்கு வரி எழுதட்டும். தேர்வு கேட்பது அதைத்தான்.

அடுத்தது தேயிலை. 1773 தேயிலைச் சட்டம் விலையை ஏற்றியது, அதனால் பாஸ்டனில் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள் என்று வருடாவருடம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். உண்மை நேர்மாறு. அந்தச் சட்டம் புது வரி எதையும் போடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி இடைத்தரகர்கள் இல்லாமல் நேரடியாக அமெரிக்காவில் விற்க வழிவிட்டதால் தேயிலை மலிவாகவே கிடைத்திருக்கும். 1767-இலிருந்து இருந்த வரி மட்டும் அப்படியே நீடித்தது. அப்படியானால் ஏன் எதிர்த்தார்கள்? மலிவு விலைக்கு ஆசைப்பட்டு வாங்கினால், தங்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லாத பாராளுமன்றம் வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கூடவே, ஒரே கம்பெனிக்கு ஏகபோகம் கிடைப்பது உள்ளூர் வியாபாரிகளுக்கும், டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களுக்கும் பேரிடி. கொள்கையும் லாபமும் கலந்தே இருந்தன. இரண்டையும் சேர்த்து எழுதும் கட்டுரைதான் நல்ல கட்டுரை.

இங்கே உங்கள் மகளுக்கு ஒரு வசதி உண்டு. இந்தக் கம்பெனியை அவள் ஏற்கனவே அறிவாள். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய அதே கம்பெனி. 1781-இல் அமெரிக்கப் புரட்சிப் போரின்போது யார்க்டவுனில் தோற்றுப்போன பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ்தான் 1786-இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, பிறகு திப்பு சுல்தானோடு போரிட்டார். பதின்மூன்று காலனிகளைப் புதிதாக மனப்பாடம் செய்வதற்குப் பதில், ஒரு பேரரசு தன் போர்க் கடனை யார் தலையில் கட்டப் பார்த்தது என்ற கேள்வியை அவள் பிடித்துக்கொள்ளட்டும். 1763-இல் பிரான்ஸோடு போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. 1765 முத்திரைச் சட்டம் முதல் 1776 வரை நடந்தவற்றில் பெரும்பகுதி அந்தக் கடனிலிருந்து கிளம்பியதுதான்.

இன்னும் இரண்டு தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1776 சுதந்திரப் பிரகடனமும் 1787 அரசியல் சாசனமும் வேறு வேறு. பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன், சாசனம் எழுதப்பட்டபோது பாரிஸில் தூதராக இருந்தார். "எல்லோரும் சமம்" என்ற பிரகடனத்தை வைத்து அடிமை முறை அப்போதே ஒழிந்தது என்றும் எழுதக் கூடாது. பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியதும், 1808-க்கு முன் அடிமை இறக்குமதியைக் காங்கிரஸ் தடைசெய்யக் கூடாது என்றதும் அந்தச் சாசனமேதான்.

சரி, டியூஷன் சென்டர். 5 நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டுரைகளை ஜூன் மாதத்தில் ஆசிரியர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் படித்து மதிப்பெண் போடுகிறார்கள். அதில் எந்த சென்டருக்கும் கை கிடையாது. "ஒரு வருடக் கட்டணம் மிச்சம்" என்பது பச்சைப் பொய். ஒரு ஏபி தேர்வுக்கு அதிகபட்சம் ஒன்றிரண்டு கல்லூரிப் பாடங்களுக்கான கிரெடிட், அதாவது அவற்றைப் படித்து முடித்ததாகக் கணக்கு, கிடைக்கலாம். அதையும் தருவதா வேண்டாமா என்று ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்யும். டார்ட்மவுத் கல்லூரி 2014-இல் சேர்ந்தவர்களிலிருந்து ஏபிக்குக் கிரெடிட் தருவதையே நிறுத்திவிட்டது. இன்னும் சிலர் ஏப்ரல் வாக்கில் "இந்த வருடம் இந்த டிபிக்யூதான் வரும்" என்று தலைப்பு விற்பார்கள், மாதிரிக் கட்டுரை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். புதிதாக வந்த குடும்பங்களின் பயத்தை வைத்துப் பிழைக்கும் இந்த ஆட்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பழைய கட்டுரைக் கேள்விகளும், மாணவர்கள் எழுதிய விடைகளும், எதற்கு எத்தனை மதிப்பெண், ஏன் என்ற விளக்கமும் ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கான் அகாடமி என்ற இணையதளத்தின் பாடங்களும் இலவசம். குடியுரிமைத் தேர்வுக்கான கேள்வி-பதில் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லும் அப்பாக்களும் உண்டு. அது இந்தத் தேர்வுக்கு உதவாது.

பாடத்தில் தொடரலாமா என்பதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை. சுதந்திரப் பிரகடனத்தின் முதல் இரண்டு பத்திகளைக் கொடுங்கள். அகராதி வைத்துக்கொள்ளட்டும். அரை மணி நேரம் கழித்து அதில் என்ன இருக்கிறது என்று உங்களிடம் தமிழில் சொல்லட்டும். அரசாங்கம் எதற்காக, எப்போது அதை மாற்றலாம் என்கிற அளவுக்குச் சொல்லிவிட்டால் பாடத்தில் இருக்கட்டும். திணறினால் சாதாரண வகுப்புக்கு மாறுவதில் எந்த அவமானமும் இல்லை. பாட மாற்றத்துக்கான கடைசி நாளை மட்டும் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று இதைவிட முக்கியம். நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்க இரண்டு வருடம் அமெரிக்க வரலாறு கட்டாயம். உங்கள் மகள் பத்தாம் வகுப்பை இந்தியாவில் முடித்தவள். முதல் வருடத்தை எப்படி ஈடு செய்வாள் என்று யாராவது சொன்னார்களா? அடிப்படை இருக்கிறதா என்று கேட்காமல் மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்து ஏபியில் போடுகிறார்கள். பாடங்களை ஒதுக்கும் பள்ளி ஆலோசகர் (கவுன்சிலர்) ஒருவருக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள், பெற்றோர் கேட்காதவரை கோப்பு நகராது. இந்த வாரமே அவரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கடைசியாக டல்லாஸ். நான் மேலே சொன்னதற்கெல்லாம் இது ஒன்றுதான் விதிவிலக்கு. டெக்சாஸில் 1877 வரையிலான வரலாறு எட்டாம் வகுப்பிலேயே முடிந்துவிடும். உயர்நிலைப் பள்ளியின் சாதாரண அமெரிக்க வரலாறு 1877-க்குப் பிறகுதான் தொடங்கும். ஆகவே இப்போது சாதாரண வகுப்புக்கு மாறி, ஜனவரியில் அங்கே போனால், இங்கே பாதி படித்தது அங்கே நடக்கும் பாடத்தோடு ஒட்டாது. ஏபியில் இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. பாடத்திட்டமும் மே மாதத் தேர்வும் நாடு முழுக்க ஒன்றே. ஆனால் அங்கே பள்ளிப் படிப்பை முடிக்க ஸ்டார் என்ற மாநிலத் தேர்வையும் அமெரிக்க வரலாற்றில் எழுத வேண்டும். இரண்டு பள்ளிகளும் ஒரே நேரத்தில் ஒரே பகுதியில் இருக்காது. நடுவில் எது விடுபட்டது என்று புதிய ஆசிரியரிடம் கேட்டுப் படித்துக்கொள்ள வேண்டும். தேர்வுக்கான பதிவு நவம்பர் நடுவில் முடிந்துவிடும் என்பதால் இங்கேயே பதிவு செய்துவிடுங்கள். மாற்றல் உறுதியானதும் இங்குள்ள ஏபி ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டு, டல்லாஸ் பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே அங்குள்ளவரைப் பார்த்துப் பதிவை அந்தப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.