பொருளாதாரத் தடைகள் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

சீனாவின் சிஞ்சியாங் பகுதிப் பருத்தி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அங்குள்ள உய்குர் முஸ்லிம் மக்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிற பருத்தியை அமெரிக்கா தடுத்தது சரி என்கிறீர்கள். நான் திருப்பூரில் முப்பது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவன். 2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெய்க்கு அபராதம் என்று நம் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கினார்கள். எண்ணெய் வாங்கியது நானாங்க? பாதி மெஷின் நின்றது. முதலில் ஊருக்குப் போனது ஒடிசாப் பிள்ளைகள்தான். தடை போட்டு எந்த சர்வாதிகாரி பட்டினி கிடந்தான்? ஈராக்கில் ஐந்து லட்சம் குழந்தைகள் செத்ததுதான் மிச்சம். மனித உரிமை என்பது பெரிய நாடுகளுக்கு ஒரு சாக்கு. கோவையில் உட்கார்ந்து எழுதுவது சுலபம்.

(பெயர் வேண்டாம்), திருப்பூர்

அன்புள்ள தம்பி,

சுலபம்தான், ஒத்துக்கொள்கிறேன். உங்கள் கோபத்தில் பாதிக்கு மேல் நியாயமும் இருக்கிறது.

முதலில் ஒரு திருத்தம். அந்த ஐந்து லட்சக் கணக்கை விட்டுவிடுங்கள். சதாம் ஆட்சியில் எடுத்த கணக்கெடுப்பிலிருந்து வந்தது அது. அவர் விழுந்தபின் எடுத்த கணக்கெடுப்புகளில் அப்படி ஒரு சாவு தென்படவில்லை. அதனால் ஈராக் மக்கள் படாத பாடு பட்டது பொய்யாகிவிடாது. குவைத்துக்குள் படை நுழைந்த நாலாம் நாள், 1990 ஆகஸ்ட் 6 அன்று, ஐநா தடை போட்டது. உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்த நாடு அது. சதாம் ரேஷன் அட்டை கொடுத்தார். அதுவரை சந்தையில் அரிசி வாங்கியவன் அரசாங்கத்தின் கையைப் பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. அந்தத் தடை சர்வாதிகாரியை ஊருக்கே படியளக்கிற ஆளாக்கிவிட்டது. ஐநாவின் மனிதாபிமானப் பணிகளுக்கு அங்கே பொறுப்பாக இருந்த டெனிஸ் ஹாலிடே 1998இல் வெறுத்துப்போய் வேலையை விட்டார். சதாம் 2003 வரை நாற்காலியில்தான் இருந்தார்.

உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமான கதை பர்மா. 2003இல் அமெரிக்கா பர்மியச் சரக்குகளுக்குக் கதவை மூடியது. ரங்கூனில் தையல் கம்பெனிகள் வரிசையாக நின்றன. வேலை போனவர்களில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள். யாதனா என்ற கடலடி எரிவாயு வயலின் வாயு மட்டும் நிற்காமல் குழாய் வழியாகத் தாய்லாந்துக்குப் போனது, அந்தப் பணம் நாட்டை ஆண்ட ராணுவத் தளபதிகளுக்கு வந்தது. தையல்காரியின் வருமானத்தை அறுத்துவிட்டு ஜெனரலின் குழாயை விட்டுவைத்த தடை!

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புரியாத விஷயமில்லை. என் சிறுவயதில் சென்னிமலைப் பக்கம் ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு ஒதுக்கி வைத்தார்கள். பண்ணையத்தில் வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது, கிணற்றில் தண்ணீர் கிடையாது. கூலி சேர்த்துக் கேட்டார்கள், அவ்வளவுதான் குற்றம். பண்ணையக்காரர் ஒருவரை ஊர் ஒதுக்கிவைத்ததாக இன்றுவரை நான் கேள்விப்படவில்லை. தடை வலுத்தவன் கைப்பொருள் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஆனால் தென்னாப்பிரிக்காவை என்ன செய்வது? 1946இலேயே அந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தியது இந்தியா. அப்போது நாம் வலுத்தவர்களா என்ன, சுதந்திரமே வரவில்லை. 1959இல் அங்கே கறுப்பின விடுதலை இயக்கத்தின் தலைவராக இருந்த ஆல்பர்ட் லுதூலி வெளிநாட்டு மக்களிடம் எங்கள் நாட்டுச் சரக்கை வாங்காதீர்கள் என்று கேட்டார். கறுப்பின மக்களுக்கு இதனால் கஷ்டம் வரும் என்று தெரிந்தே கேட்டார். 1985இல் பெரிய வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்தபோதுதான் வெள்ளை அரசுக்கு உண்மையில் வலித்தது. 1986இல் அமெரிக்கக் காங்கிரஸ், அதிபர் ரீகனின் மறுப்பாணையையும் மீறி, தடைச் சட்டம் போட்டது. தடை மட்டுமே நிறவெறியை வீழ்த்தவில்லை. உள்ளே போராட்டம் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் வலியைத் தாங்கப் போகிறவர்களே கேட்ட தடை அது. ஈராக்கில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

இவ்வளவு தூரம் போவானேன். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார், மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் நடத்தும் ஒரு தொழிற்சங்கம் விடாமல் நின்று, 2022 ஏப்ரலில் நிறுவனத்தோடும் அங்கே ஆடை வாங்குகிற வெளிநாட்டு பையர்களோடும் ஒப்பந்தம் போட்டது. ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலைச் சரக்கைத் தடுத்தது. செப்டம்பரில் தடை விலகியது. ஆலைக்குள் என்ன மாறியிருக்கிறது என்று காட்ட அங்கே ஒரு சங்கமும் ஒப்பந்தமும் இருந்தன. பாக்தாத்தில் அப்படி யார் இருந்தார்கள்?

சிஞ்சியாங் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே சங்கம் வைக்க முடியாது, வாய் திறக்க முடியாது. தப்பி வெளியே வந்த உய்குர்கள்தான் தடையைக் கேட்டார்கள். அந்தத் தடை, உள்ளே போகும் சோற்றை நிறுத்தவில்லை, வெளியே வரும் பஞ்சைத்தான் மறிக்கிறது. அதனால் உய்குர்களை அடைத்துவைத்த முகாம்களின் கதவு திறந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பஞ்சு எங்கே விளைந்தது என்று பேல் (பஞ்சுப் பொதி) வரைக்கும் காகிதம் கேட்கிறார்கள் என்று உங்கள் பையரைத் திட்டுவீர்கள். திட்டுங்கள், ஆனால் கொடுங்கள்.

2025 வரியை இதோடு சேர்க்காதீர்கள். ரஷ்ய எண்ணெயை நம்மைவிட அதிகம் வாங்கிய சீனாவுக்கு அந்த அபராதம் இல்லை. அதில் மனித உரிமை எங்கே வந்தது? அது வெறும் கைமுறுக்கல்.

அப்புறம், அந்த ஒடிசாப் பிள்ளைகள். ஊருக்கு அனுப்பும்போது கணக்கு முடித்துக் கொடுத்தீர்களா? அவர்களில் யாராவது திரும்பி வந்திருந்தால், இந்தத் தடை பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதையும் இங்கே போடுகிறேன்.