விசில் ஊதியவரைக் குறை சொல்லலாமா?

கேள்வி: அண்ணா, எங்கள் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால்) டோர்னமெண்டில் கடைசி நிமிடத்தில் பந்து எங்கள் பையன் தோளில் பட்டதை ஹேண்ட்பால் என்று பெனால்டி கொடுத்துவிட்டார் ரெஃப்ரி. தோற்றோம். கோச் என்ற முறையில் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். இரண்டு மேட்சுக்கு மைதானத்துப் பக்கமே வரக்கூடாது என்கிறது கமிட்டி. தப்பைத் தப்பு என்று சொல்லக் கூடாதா?
— ஒரு கோச், கொழிஞ்சாம்பாறை

பதில்: சொல்லலாம் தம்பி, சொல்லத்தான் வேண்டும். நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். பந்து பட்டது தோளில்தான். கை எங்கே தொடங்குகிறது என்பதை 2020-21 விதிப் புத்தகத்திலேயே தெளிவாக்கிவிட்டார்கள், அக்குளின் அடிமட்டத்துக்கு நேராகக் கோடு போட்டால் அதற்குக் கீழேதான் கை, மேலே இருப்பது தோள். உன் மெசேஜின் முதல் இரண்டு வரியிலும் இதைத்தான் எழுதியிருக்கிறாய், அதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்ற மாட்டேன். மூன்றாவது வரிதான் பிரச்சினை. "எவ்வளவு வாங்கினாரோ" என்று கேட்டிருக்கிறாய். அதற்கு உன்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? தோளா கையா என்பது ஒரு முடிவைப் பற்றிய பேச்சு, காசு வாங்கினார் என்பது ஒரு மனுஷனின் மானத்தைப் பற்றிய பேச்சு. சித்தூர் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் நானும் சில வருஷம் விசில் பிடித்து ஓடியவன். தப்பாக ஊதிவிட்டோம் என்று அடுத்த நொடியே மனசுக்குத் தெரியும், ஆனால் திருப்பி எடுக்க முடியாது, கேலரி முழுக்கக் கத்தும். அன்றைக்கு "தப்பு ரெஃப்ரி" என்று திட்டியவர்களையெல்லாம் மறந்துவிட்டேன், "விலை போனவன்" என்று சொன்னவரை இன்னும் மறக்கவில்லை.

ஆனால் கமிட்டி செய்ததும் சரியில்லை. மூன்றாவது வரிக்குத் தண்டனை கொடுத்தவர்கள் முதல் இரண்டு வரிக்குப் பதில் சொன்னார்களா? உன் கடிதத்தைப் பார்த்தால் சொன்னதாகத் தெரியவில்லை. பெரிய இடத்திலும் இதே கதைதான். 2023 ஜூலையில் மிர்பூரில் நம் பெண்கள் கிரிக்கெட் கேப்டன் ஹர்மன்பிரீத் கவுர், அவுட் கொடுத்த கோபத்தில் ஸ்டம்பை மட்டையால் அடித்தார், பரிசளிப்பில் அம்பயரிங்கை வெளிப்படையாகக் குறை சொன்னார். ஸ்டம்பை அடித்ததற்கு 3 டீமெரிட் (தண்டனைப்) புள்ளி, பேசியதற்கு 1. நான்கு சேர்ந்தால் தடை. அதாவது அந்தப் பேச்சுக்கான ஒரு புள்ளி இல்லையென்றால் ஆசிய விளையாட்டில் காலிறுதியும் அரையிறுதியும் அவர் ஆடியிருப்பார். ஸ்டம்பை அடித்ததற்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் நான் கேள்வி கேட்க மாட்டேன். ஆனால் அம்பயரிங் மோசம் என்று ஒரு கேப்டன் சொன்னால், மோசமா இல்லையா என்று பார்த்துச் சொல்வதுதானே முறை? அதைச் சொல்லாமல் அபராதம் மட்டும் போட்டால் ஊரில் வதந்திதான் வளரும்.

பேச்சு வேறு, ஆட்டத்தை நிறுத்துவது வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச் 3, ஐ.எஸ்.எல். ஃபுட்பாலில் கேரளா பிளாஸ்டர்ஸ் பெங்களூருவோடு ஆடிய மேட்ச் உனக்கே நினைவிருக்கும், நம் பக்கத்து டீக்கடையில் பாதிப் பேர் மஞ்சள் சட்டையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். எக்ஸ்ட்ரா டைமில் பிளாஸ்டர்ஸ் ஆட்கள் சுவர் அமைத்து முடிப்பதற்குள் பெங்களூருவின் சேத்ரி ஃப்ரீகிக்கை அடித்துவிட்டார், ரெஃப்ரி கோல் கொடுத்தார், பிளாஸ்டர்ஸ் கோச் வுகோமனோவிச் டீமையே வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 மேட்ச் தடை, 5 லட்சம் அபராதம். அந்த கோலைப் பற்றி அவர் ஒரு வாரம் பேசியிருந்தாலும் நான் அவர் பக்கம் நின்றிருப்பேன். நடந்து வெளியே போனது தப்பு. மீதி ஆட்டத்தில் ஒரு கோல் திருப்பிப் போட நேரம் இருந்தது, அந்த வாய்ப்பைத் தன் பையன்களிடமிருந்து அவரே பறித்துவிட்டார் என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

கேள்வி: குறை சொல்லிச் சொல்லி எதுவாவது மாறியிருக்கிறதா?
— ஒரு வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: 2008 ஜனவரியில் ஆஸ்திரேலியாவோடு ஆடிய சிட்னி டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பயரிங் தவறுகளைப் பற்றி நம் அணி பேசியது, பேசியதும் நியாயம். அதே ஆண்டு ஜூலையில் இலங்கையில் நம் டெஸ்ட் தொடரில்தான் அம்பயர் முடிவை மறுபடி பார்க்கச் சொல்லி வீரர்களே கேட்கும் ரிவ்யூ முறையைச் சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் நம் போர்டு எதிர்ப்புக் காட்டியதும் சிட்னியில் நின்ற அம்பயர் ஸ்டீவ் பக்னரை அடுத்த பெர்த் டெஸ்டிலிருந்து எடுத்துவிட்டார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. பணபலம் இருக்கிற போர்டு கேட்டால் அம்பயர் மாறுவார் என்றால், பலம் இல்லாத நாட்டின் புகாரை யார் கேட்பார்கள்?

கேள்வி: சார், நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், பள்ளிப் போட்டிகளுக்கு லைன் நிற்கப் போகிறேன். கொடியைத் தூக்கினாலே பத்துப் பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். கோச்சுகள் விமர்சிக்கலாம் என்று நீங்களும் எழுதினால் எங்கள் கதி என்ன?
— ஒரு வாசகி, கோபாலபுரம்

பதில்: உன் பயம் நியாயமானது அம்மா. டிவியில் ஒரு பெரிய கோச் கத்துவதைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே ஒரு அப்பா கோட்டைத் தாண்டி உள்ளே வருகிறார். அதனால்தான் யார், எப்போது, எங்கே பேசுவது என்பதில் நான் கறாராக இருக்கச் சொல்கிறேன். 2024 யூரோ கோப்பையில் கேப்டன் மட்டும்தான் ரெஃப்ரியிடம் போய் விளக்கம் கேட்கலாம், மற்றவர் போனால் மஞ்சள் அட்டை என்று வைத்தார்கள். நம் பள்ளிப் போட்டிக்கு இதைக் கொண்டுவர ஒரு பைசா செலவில்லை. டாஸுக்கு முன் இரண்டு கேப்டனையும் கூப்பிட்டு நடுவரையே சொல்லச் சொல். கோச்சுக்குக் குறை இருந்தால் ஆட்டம் முடிந்து, கோபம் தணிந்த பிறகு, மறுநாள் எழுத்தில் கொடுக்கட்டும். கமிட்டியும் எழுத்திலேயே பதில் கொடுக்கட்டும், தப்பு என்றால் தப்பு என்றே சொல்லட்டும். 2023 செப்டம்பரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூல் போட்ட கோல் தவறாக மறுக்கப்பட்டபோது, வீடியோ நடுவர்கள் தங்களுக்குள் பேசிய ஒலிப்பதிவையே வெளியிட்டார்கள். அறையில் நடந்தது குழப்பம்தான், சதி இல்லை என்று கேட்டவர்களுக்குப் புரிந்தது.

நீயும் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். இடைவேளையில் இரண்டே வரி, எத்தனையாவது நிமிடம், எங்கே நின்று பார்த்தாய், ஏன் கொடி தூக்கினாய். மறுநாள் கமிட்டி கேட்கும்போது அதைக் காட்டு. அதற்கு முன்பு கோட்டைத் தாண்டி யாராவது வந்தால் நீ பதிலே சொல்ல வேண்டாம், கொடியை இறக்கிப் பிடித்துக்கொண்டு நடுவரைக் கூப்பிடு.