வாசகர் கேள்வி பதில்: பேயை நம்புகிறார்கள், காதலை நம்பவில்லை!

கேள்வி: 1880களில் அமெரிக்காவின் டகோட்டா புல்வெளியில் குடியேறும் வெள்ளைக்காரப் பெண், லகோட்டா என்ற பழங்குடியைச் சேர்ந்த ஓர் இளைஞன், நடுவில் ஓர் ஆவி என்று தொடர்கதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் "பேய் சரி, காதல்தான் நம்பும்படி இல்லை" என்கிறார்கள். என்ன செய்யட்டும்? (வாசகி, திருச்சி)

பதில்: பேயை விட்டுவிட்டுக் காதலைச் சந்தேகப்படுகிறார்களா, நல்ல ஆட்கள்தான்! அப்படி ஒரு காதல் நிஜமாகவே நடந்திருக்கிறது. எலேய்ன் குட்டேல் மாசசூசெட்ஸ்காரர், சிறுமியாக இருக்கும்போதே கவிதை எழுதிப் பெயர் வாங்கியவர், டகோட்டா பகுதிப் பழங்குடிப் பள்ளிகளை மேற்பார்வை பார்க்கும் வேலைக்கு வந்தவர். சார்லஸ் ஈஸ்ட்மன், சொந்தப் பெயர் ஒஹியேசா, லகோட்டாக்களுக்கு உறவினமான சான்ட்டீ டகோட்டா இனத்தவர், பாஸ்டனில் படித்து முடித்த புது டாக்டர். 1890 கடைசியில் பைன் ரிட்ஜ் என்ற லகோட்டா ஒதுக்கிடத்தில் சந்திக்கிறார்கள், கிறிஸ்துமஸுக்குள் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ ஓடைக்கரையில் ராணுவம் சுட்டதில் குறைந்தது 150 லகோட்டா மக்கள் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. அடிபட்டவர்களைத் தேவாலயத்துக்குள் கொண்டுவந்து தரையில் வைக்கோல் பரப்பிக் கிடத்தியபோது மேலே கிறிஸ்துமஸ் தோரணம் அவிழ்க்காமல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்ததாம். மாப்பிள்ளை சிகிச்சை பார்க்கிறார், பெண் கூட நின்று உதவுகிறார். 1891 ஜூனில் கல்யாணம், ஆறு குழந்தைகள், 1921இல் பிரிந்தும் போனார்கள். அதையும் மறைக்காதீர்கள்.

இதில் ஆவி எங்கே என்பீர்கள். அந்தச் சூட்டுக்குப் பின்னால் இருந்ததே ஆவி நடனம்தான். நெவாடாவில் வொவோக்கா என்ற பையூட் இனத்தவருக்கு வந்த தரிசனம் அது: ஆடினால் செத்துப்போன சொந்தங்களும் அழிந்துபோன காட்டெருமைகளும் திரும்பி வரும். லகோட்டா மக்கள் பசியோடு ஆடினார்கள், அதைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் அரசாங்கம் படையை இறக்கியது. பயமுறுத்த வருகிற பேய் இல்லை இது, வீட்டுக்கு வரவேண்டிய தாத்தாவும் அத்தையும். உங்கள் ஆவி யாருடைய ஆள் என்று முதலில் முடிவு செய்யுங்கள், அப்புறம் காதல் தானாக நிற்கும், ஏனென்றால் அவள் குடியிருக்கிற நிலத்தில் அவனுடைய செத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதுதானே இருவருக்கும் நடுவில் கிடக்கிற விஷயம்?

கேள்வி: பழங்குடிகளின் பழைய இடுகாட்டின் மேல் வீடு கட்டிவிட்டார்கள், அதனால் பேய் வருகிறது என்று வைக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம், அமெரிக்காக்காரர்களே தேய்த்துத் தேய்த்து ஓட்டை போட்ட சமாச்சாரம். போதாததற்கு, அந்தக் காலத்து லகோட்டா வழக்கம் பெரும்பாலும் உடலைப் பரண் கட்டி உயரத்தில் வைப்பது. தரைக்குக் கீழே தோண்டினால் உங்கள் பேய் கிடைக்காது.

செத்தவர் திரும்பும் காட்சிதான் வேண்டுமென்றால் ஒஹியேசாவின் அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1862இல் மின்னசோட்டாவில் டகோட்டா மக்களுக்கும் அமெரிக்கப் படைக்கும் நடந்த போர் முடிந்ததும் மன்கேட்டோவில் ஒரே நாளில் 38 பேரைத் தூக்கில் போட்டார்கள். அப்பாவும் போய்விட்டார் என்று நம்பிய பையன், பாட்டியோடும் சித்தப்பாவோடும் கனடாவுக்குத் தப்பி, அவருக்காகப் பழிவாங்குவதே கடமை என்று வளர்கிறான். பதினைந்து வயதில் ஒருநாள் அப்பா நேரில் வந்து நிற்கிறார்! தூக்கில் போடவில்லை, சிறையில் வைத்திருந்தார்கள். கிறிஸ்தவராகி, ஜேக்கப் என்று பெயர் மாற்றி, டகோட்டா பகுதியில் ஃபிளாண்ட்ரோ என்ற ஊரில் வெள்ளைக்காரர்களைப் போலவே நிலம் எடுத்து விவசாயம் செய்துகொண்டிருந்தார். குடியேறியவர் யார், பழங்குடி யார் என்று கோடு கிழிக்க உட்கார்ந்தால் இந்த மனிதரை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

தூக்குக்குக் கையெழுத்துப் போட்ட லிங்கன்தான் அதே 1862இல், ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம் என்ற சட்டத்துக்கும் கையெழுத்துப் போட்டார்.

கேள்வி: நாயகியின் வீட்டை மரவீடாக எழுதியிருக்கிறேன், சரியா? (அதே திருச்சி வாசகி)

பதில்: மரத்துக்கு எங்கே போவாள்? புல்லோடு மண்ணைப் பாளமாக வெட்டி, செங்கல் மாதிரி அடுக்கிய வீடுதான் அங்கே பலருக்கும். மழை பெய்தால் கூரை ஒழுகும், சமயத்தில் பாம்பும் விழும். அடுப்புக்கு வறட்டி, காட்டெருமை வறட்டியோ மாட்டு வறட்டியோ. ராத்திரியில் கூரையிலிருந்து மண் உதிர்கிற சத்தத்தையே பாதி அத்தியாயத்துக்குப் பேயாக ஓட்டலாமே.

கேள்வி: இப்படிப்பட்ட கதையில் காதலர் இருவரும் தனியாகச் சந்திப்பதை எப்படி எழுதுவது? (வாசகர், கோவை)

பதில்: அந்தக் காலத்து லகோட்டா வழக்கப்படி தனிமையே கிடையாது! பெண்ணின் கூடார வாசலில் பையன் போர்வையோடு காத்திருப்பான். அவள் வந்தால் இருவரும் அந்தப் போர்வையை மூடிக்கொண்டு நின்றபடியே பேசுவார்கள், சுற்றிலும் ஊரே நடமாடும், பார்க்காத மாதிரி போய்விடும். உங்கள் வெள்ளைக்கார நாயகி முதல்முறை அந்தப் போர்வைக்குள் போகும்போது வேறொருவர் ஏற்கெனவே உள்ளே நிற்பதாக எழுதிப் பாருங்களேன்.