டைவ் ரிசார்ட்டில் டிப்ஸ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்கூபா டைவ் பயணத்தில் கொடுக்கும் டிப்ஸ் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மாலத்தீவில் பில்லிலேயே 10% சர்வீஸ் சார்ஜ் போட்டுவிட்டார்கள். டைவ் ஆட்களுக்குத் தனியாக வேறு கொடுக்கணுமா?

கொடுங்கள். பல தீவுகளில் ரிசார்ட் ஒருவருடையது, டைவ் சென்டரை நடத்துவது வேறொரு நிறுவனம். நீங்கள் கட்டிய சர்வீஸ் சார்ஜ் ரிசார்ட் ஊழியர்களுக்குப் பிரிந்து போயிருக்கும், உங்கள் காற்று சிலிண்டரைத் தோணியில் ஏற்றி இறக்கியவருக்கு அதில் ஒரு காசுகூட வராமல் இருக்கலாம். "இதில் டைவ் சென்டர் ஆட்களுக்குப் பங்கு உண்டா?" என்று முதல் நாளே கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டாலராகக் கொடுத்தால் போதும், உள்ளூர்ப் பணத்துக்கு மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: விளக்கமெல்லாம் வேண்டாம், எவ்வளவு என்று ஒரே ஒரு எண் சொல்லுங்கள்.

எந்த நாடு, எத்தனை நாள், ரிசார்ட்டா, படகிலேயே தங்கி டைவ் செய்யும் லைவபோர்டா, எதையுமே எழுதாமல் எண் மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? அமெரிக்கர்கள் அதிகம் வரும் கரீபியன் தீவுகளான கொசுமெல், பொனேர் பக்கம் சிலிண்டருக்கு, அதாவது ஒரு டைவுக்கு, 5 முதல் 10 டாலர் என்பது வழக்கம். லைவபோர்டில் பயணக் கட்டணத்தில் சுமார் 10% என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கு ஆசிய ரிசார்ட்டுகளில் இதைவிடக் குறைவாகவே எதிர்பார்க்கிறார்கள். கணக்கு எதுவானாலும் கிளம்பும் முன்பே தனியாக எடுத்து வையுங்கள். கடைசி நாள் பர்ஸில் மிஞ்சியதைக் கொடுப்பது டிப்ஸ் ஆகாது.

கேள்வி: ஆஸ்திரேலியா, ஜப்பான்?

இரண்டு இடத்திலும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஜப்பானில் பணத்தை நீட்டினால் சங்கடப்படுவார்கள், நன்றி சொல்லி, டைவ்களைக் குறித்து வைக்கும் உங்கள் லாக்புக்கில் கையெழுத்து வாங்குங்கள், அதில் அவர்களுக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஃபிஜியிலும் தனி ஆளுக்குக் கொடுக்கும் பழக்கம் இல்லை, ஊழியர்களுக்கான கிறிஸ்துமஸ் நிதி என்று பல ரிசார்ட்டுகளில் ஒரு பெட்டி இருக்கும், அதில் போடுங்கள்.

கேள்வி: செங்கடலில் லைவபோர்டு. கடைசி நாள் டிப்ஸ் போடக் கவர் கொடுத்தார்கள். கைடுக்கும் படகு ஆட்களுக்கும் சேர்த்து ஒரே கவரா?

படகுக்குப் படகு மாறும். சிலதில் எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பங்கு போடுவார்கள், சிலதில் கைடுக்குத் தனிக் கவர். மறுபடியும் அதே பேச்சுதான்: பணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். கைடை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், ஏனென்றால் தண்ணீருக்குள் அவர் முகத்தைத்தான் பார்க்கிறோம். இரவு டைவ் முடிந்து, தலையைத் துவட்டிக்கொண்டு நாம் சாப்பிட உட்காரும் நேரத்தில், பின்தளத்தில் ஒருவர் கம்ப்ரஸர் இரைச்சலுக்கு நடுவே குழாயைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி இருபது சிலிண்டரையும் நிரப்பிக்கொண்டிருப்பார், மறுநாள் காலை ஆறு மணிக்கு நாம் மூச்சுவிடப் போவது அந்தக் காற்றைத்தான். அவர், சமையல்காரர், அலையில் ரப்பர் படகை நம் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துபவர், இவர்களை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: முதல் நாளே கைடுக்கு 50 டாலர் கொடுத்தேன், மற்றவர்களைவிட ஆழமாகக் கூட்டிப் போகத்தான். தலையாட்டினார், ஆனால் 30 மீட்டரைத் தாண்டவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கேட்கக் கூடாது. நீங்கள் கொடுத்ததற்குப் பெயர் டிப்ஸ் இல்லை. எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. மாலத்தீவாக இருந்தால், பொழுதுபோக்கு டைவுக்கு 30 மீட்டர் என்பது சட்டமே போட்ட எல்லை. மீறினால் அவர் பிழைப்பே போகும். வேறு நாடாக இருந்தாலும், உங்கள் 50 டாலருக்காகக் குழுவில் உள்ள மற்றவர்களின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்காத மனிதர் அவர். இன்னும் ஒரு 50 கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்.

இதை நான் எத்தனை தடவை எழுதினாலும் இதே கடிதம் வேறு வேறு வடிவில் வந்துகொண்டேதான் இருக்கிறது. "ஆமையைத் தொட்டுக் காட்டச் சொன்னேன்", "ஆக்டோபஸை வெளியே இழுத்தால் கூடுதலாகத் தருகிறேன் என்றேன்". பிக்மி என்ற குள்ளக் கடற்குதிரை சுமார் 2 சென்டிமீட்டர்தான் இருக்கும், பெரும்பாலும் விசிறி போல விரிந்த ஒரே கடல்விசிறிப் பவளத்தைப் பற்றிக்கொண்டே வாழ்கிறது. படத்துக்கு முகம் தெரியவில்லை என்று அதை இரும்புக் குச்சியால் தட்டித் திருப்புவதை நேரில் பார்த்திருக்கிறேன். குச்சி கைடு கையில் இருந்தது உண்மைதான், ஆனால் தட்ட வைத்தது பின்னால் கேமராவோடு காத்திருந்தவரின் கவர். நல்ல படம் கிடைத்தால் நல்ல டிப்ஸ் என்று நாமே பழக்கிவிட்டு, அப்புறம் கைடுகள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று பேசுகிறோம்.

தீவுகளுக்கு நடுவே உள்ள ஒரு கடல் கால்வாயில் டைவ் செய்தபோது நீரோட்டம் திடீரென்று வெளிப்பக்கம் இழுத்தது. பதினைந்தாவது நிமிடமே கைடு கட்டைவிரலை மேலே காட்டிவிட்டார், டைவை முடித்து மேலே போகலாம் என்று அர்த்தம். என்னிடம் 140 பார், அதாவது சிலிண்டரில் பாதிக்கு மேல், காற்று மிச்சம், எனக்கு அப்படி ஒரு கோபம். மேலே வந்து படகில் உட்கார்ந்திருந்தபோது, திரும்பாமல் போன இன்னொரு குழுவைத் தேடி அவர்கள் படகு அலைந்துகொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, ரொம்ப தூரத்தில் அவர்களுடைய ஆரஞ்சு மிதவை தெரிந்தது. அந்தப் பயணத்தில் நான் அதிகம் டிப்ஸ் கொடுத்தது அந்தப் பதினைந்து நிமிட டைவுக்குத்தான். ஆகவே முதல் நாள் கைடிடம் பணம் கொடுக்காதீர்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "எதையும் தொட வேண்டாம், ஒன்றும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை." கடைசி நாள், திமிங்கலச் சுறா வந்திருந்தாலும் வராவிட்டாலும், நினைத்த தொகையைக் குறைக்காமல் கொடுங்கள்.

கேள்வி: யூரோ சில்லறைக் காசு நிறைய மிஞ்சிவிட்டது. அதையே கொடுக்கலாமா?

வேண்டாம். எகிப்தின் செங்கடல் ஊரான ஹுர்காதாவின் படகுத்துறையில் வயதான ஒரு மாலுமி உள்ளங்கை நிறைய ஒரு யூரோ காசுகளை வைத்துக்கொண்டு, வந்து இறங்கும் ஒவ்வொரு பயணியிடமும் ஐந்து காசை வாங்கிக்கொண்டு ஒரு ஐந்து யூரோ நோட்டு தர முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பணம் மாற்றும் இடங்களில் வெளிநாட்டு நோட்டு வாங்குவார்கள், காசு வாங்க மாட்டார்கள். டாலரும் அப்படித்தான், இந்தோனேசியாவில் கிழிசல், பேனா கிறுக்கல், ஏன் அழுத்தமான மடிப்பு இருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் அல்லது மதிப்பைக் குறைப்பார்கள். பொனேர், பலாவ், கலாபகஸ் தீவுகள் மூன்றிலும் டாலரே உள்ளூர்ப் பணம், அங்கே இந்தத் தொல்லை குறைவு. மற்ற இடங்களுக்குப் புது நோட்டாக, சின்ன நோட்டாக எடுத்துப் போங்கள்.

கேள்வி: டைவ் சென்டர் முதலாளியே கைடாக வந்தார்.

அவருக்குத் தேவையில்லை. அதைப் படகு ஆட்களுக்குக் கொடுங்கள்.

கேள்வி: சிலிண்டரிலிருந்து மூச்சுவிட உதவும் என் ரெகுலேட்டரைக் கீழே போட்டுவிட்டார்கள். யாருக்கும் டிப்ஸ் கொடுக்காமல் வந்துவிட்டேன். சரிதானே?

சரியில்லை. கழற்றி பெஞ்சிலேயே விட்டீர்களா, அவர்கள் கையில் இருந்து விழுந்ததா என்றே நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் அதை மேனேஜரிடம் பேசியிருக்க வேண்டும். ஒருவர் கை தவறியதற்கு ஒன்பது பேருக்குத் தண்டனையா?

கேள்வி: பணத்துக்குப் பதிலாக என் பழைய ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), டார்ச் கொடுத்தால்?

பணத்தோடு சேர்த்து என்றால் தாராளமாக. நல்ல நிலையில் உள்ள டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் கருவி), டார்ச் எல்லாம் அவர்களுக்குப் பெரிய உதவி, அவர்கள் சம்பளத்தில் புதிதாக வாங்குவது கஷ்டம். பட்டை அறுந்த ஃபின்னை மட்டும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.